பேஸ்டலில் ரஞ்சன்

அத்தியாயம் 17

ஜெய்ராம் தன் மகனின் பெயரை வாய்விட்டுச் சொல்லி இரண்டு வருஷமாகிறது. வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இது தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்றால், நாலு வரியில் சொல்லிவிடுகிறேன்.

வங்காளத் தலைநகரில், டாலிகஞ்ச்சில் மூன்றாவது மாடி ஃப்ளாட். அப்பா ஜெய்ராம், கார்டன் ரீச் ரயில்வே தலைமை அலுவலகத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கவனிக்கிற பிரிவில் அதிகாரி. அம்மா ஷியாமளா. மூத்தவன் ரஞ்சன், துர்காபூரில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படித்தவன், சிநேகிதர்களோடு திகா கடற்கரைக்குப் போய்த் திரும்பும்போது பஸ் கவிழ்ந்து போய்விட்டான். இளையவள் மஹிமா. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

ரஞ்சன் போன பத்தாம் நாள் ஜெய்ராம் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் இருந்த அவன் படங்களையெல்லாம் கழற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஏன் என்று ஷியாமளா கேட்கவில்லை. அதற்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசுவது பால், கேஸ், லிஃப்ட் ரிப்பேர், இவ்வளவுதான். ஒரு வீடு இப்படியும் ஓடும். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதற்கு நடுவில்தான் மஹிமா பள்ளிக்கூடத்தில் ஓவியத்தைப் பாடமாக எடுத்தாள். கணக்கு எடுத்தால் போதும் என்று ஜெய்ராம் முனகினார். அவள் கேட்கவில்லை.

ஓவிய வகுப்பு என்றால் ஜாலியாக வர்ணம் பூசுவது என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு, முதல் ஆறு மாதம் வெங்காயமும் காலி பாட்டிலும்தான் கிடைத்தன. ஸ்மிதா மேடம் லேசுப்பட்டவர் இல்லை. முதல் நாளே எல்லோருடைய ரப்பரையும் வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டார். தப்பான கோடு அப்படியே இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் சரியான கோட்டைப் போடு என்பார். பேஸ்டல் பெட்டியில் 'தோல் நிறம்' என்று ஒரு ரோஸ் கலர் குச்சி இருக்குமே, அதையும் பிடுங்கிக்கொண்டார்.

"இந்த நிறத்துல இந்த க்ளாஸ்ல யாராவது இருக்கீங்களா? உங்க வீட்டுல யாராவது? அப்புறம் எதுக்கு இது?"

அப்புறம்தான் மஹிமாவுக்குப் புரிந்தது. மாநிறத்துக்கு அடியில் பச்சை இருக்கிறது. கண்ணுக்குக் கீழே நீலம். காது மடலில் செங்கல் நிறம். ஒன்றின் மேல் ஒன்றாகத் தேய்த்து, விரல் நுனியால் இழைக்க வேண்டும்.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அண்ணா முகம் மறந்துகொண்டு வருகிறது. கண்ணை மூடினால் அவன் சட்டை வருகிறது, செருப்பு வருகிறது, மாடிப்படியில் தடதடவென்று ஏறுகிற சத்தம்கூட வருகிறது. முகம் மட்டும் வருவதில்லை. செல்போனில் ஒரே ஒரு படம் இருந்தது. அதுவும் ஆட்டம் கண்ட படம்.

பரீட்சைக்கான போர்ட்ஃபோலியோவில் ஐந்து படங்கள் வைக்கவேண்டும், அதில் ஒன்று உங்கள் வீட்டு மனிதரின் முகமாக இருக்கவேண்டும் என்று மேடம் சொன்னபோது, அவள் ரஞ்சனைத்தான் போட்டாள். நான்கு மாதம். பதினோரு தடவை. பன்னிரண்டாவது தாளில் அவன் வந்தான். பள்ளிக்கூடத்து ஓவிய அறையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவள் அழுதுவிட்டாள். இனிமேல் மறக்காது, தாளில் இருக்கிறான் என்ற நிம்மதி அவளுக்கு.

வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். அவர் பார்த்து மார்க் போட்டதும் கொண்டுவந்து அம்மா கையில் கொடுக்கலாம் என்று இருந்தாள்.

இன்றைக்கு சரஸ்வதி பூஜை.

நம் ஊரில் நவராத்திரியோடு முடிந்துபோகிற சமாச்சாரம், இங்கே மாசிக் குளிர் விடுவதற்கு முன்னால் தனியாக வருகிறது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லாம் மஞ்சள் புடவை. புத்தகம், பேனா, தூரிகை எல்லாம் தேவியின் காலடியில். மறுநாள் காலை வரை தொடக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. மஹிமாவும் அம்மாவின் மஞ்சள் புடவையைச் சுற்றிக்கொண்டு, பேஸ்டல் பெட்டியையும் பென்சில் டப்பாவையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

ஜெய்ராமுக்கு லீவு. மஹிமாவின் அறையில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டு அணைக்கப் போனார். மேஜை மேல் பெரிய அட்டைக் கோப்பு. நாடாவை அவிழ்த்தார். இரண்டு வருஷமாக இந்தப் பெண் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க வேண்டாமா?

வெங்காயம். பாட்டில். ஏரிக்கரை மரங்கள். மடிப்பு மடிப்பாகத் தொங்குகிற ஒரு துணி.

அடுத்தது ரஞ்சன்.

ஜெய்ராம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சமையலறையில் ஷியாமளா குக்கர் வைத்திருந்தாள், அது நான்கு விசில் அடித்து ஓய்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ கேலியாகச் சொல்லப்போகிறவன் மாதிரி உதட்டோரம் லேசாக ஏறியிருந்தது.

கன்னத்தை மெதுவாகத் தொட்டார். விரலில் பழுப்பாக ஒட்டிக்கொண்டது.

அவருக்குப் பகீர் என்றது. தொட்டாலே வருகிறதே! நாலு பேர் கையில் போனால் என்ன மிஞ்சும்? மழைக்காலத்தில் இந்த ஊர் ஈரத்தில் என்ன ஆகும்?

இந்த மனுஷரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவருக்கு லாமினேஷன் என்றால் உயிர். ஆதார் கார்டு, மார்க் ஷீட், தடுப்பூசி அட்டை, சமையலறையில் ஷியாமளா ஒட்டி வைத்திருக்கிற ஏகாதசி லிஸ்ட், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் போட்டாயிற்று. ஈரம் ஏறாது, கறை படியாது, கிழியாது. உலகத்தில் ஒன்றைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

படத்தைப் பழைய காலண்டரில் சுருட்டிக்கொண்டு மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார். கடைக்காரர் மகேஷ் படத்தை விரித்தார். ஓரத்தைத் தேய்த்து, மோந்துகூடப் பார்த்தார்.

"தாதா, இது க்ரேயான் மாதிரி இருக்கே. சூடு தாங்குமா? பேசாம கண்ணாடி ஃப்ரேம் போட்டுடுங்களேன்," என்று வங்காளத்தில் சொன்னார். தாதா என்றால் அங்கே அண்ணா.

"கண்ணாடி உடையும். நீ ஷீட் போடு. இருக்கறதுலயே மொத்தமான ஷீட்டு."

மிஷின் சூடாயிற்று. தலைமுடிப் பக்கம் முதலில் உள்ளே போயிற்று. மறுபக்கம் நெற்றி வந்தது. அது வரும்போதே ஜெய்ராமுக்குத் தெரிந்துவிட்டது. "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினார். நடுவில் நிறுத்தினால் இன்னும் கருகும் என்று மகேஷ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

முழுதும் வந்தது. நெற்றியின் பழுப்பு கண்ணின் மேல் இழுபட்டு, கண்ணின் கறுப்பு கன்னத்தில் வழிந்து, பிளாஸ்டிக்குக்குள்ளே ஊறுகாய் எண்ணெய் மாதிரி பரவியிருந்தது.

"நான் சொன்னேனே தாதா," என்றார் மகேஷ், மெல்லிய குரலில்.

ஜெய்ராம் அதைப் பழையபடி காலண்டரில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஸ்டேஷன் வாசல் சிமெண்ட் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் புடவைப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அதில் ஒருத்தி தன் பெண்ணாக இருப்பாளோ என்று ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. மஹிமா கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இதுல ஒரு படம் இல்ல. நீ எடுத்தியா?"

அவர் காலண்டர் சுருளை நீட்டினார்.

"கையில ஒட்டித்தும்மா. தொட்டாலே போயிடும் போல இருந்தது. அதான்..."

அவள் பிரித்தாள். 

"லாமினேட் பண்ணினியா? பேஸ்டலையா? ஐயோ! அது மெழுகுப்பா! எண்ணெய்! சூட்டுல வெச்சா உருகாம என்ன பண்ணும்?"

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னா ஒரு போன் பண்ணிக் கேக்கமாட்டியா? எல்லாத்தையும் மூடணும் உனக்கு. போட்டோவ எல்லாம் டிரங்குல போட்டு மூடின. அவன் பேர மூடின. நான் ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தேன். அதையும் பிளாஸ்டிக்ல போட்டு மூடிட்ட!"

சத்தம் கேட்டு ஷியாமளா ஈரக் கையோடு வந்தாள். "என்னடி? என்ன இது?"

"அண்ணா."

"ரஞ்சனா? நீ போட்டியா?"

மஹிமா தலையாட்டினாள்.

"என்கிட்ட காட்டவே இல்லையேடி," என்றாள் ஷியாமளா.

படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். கண் எங்கே, வாய் எங்கே என்று தேடினாள். கடைசியில் ஓரத்தில் ஒரு இடத்தில் விரல் வைத்தாள்.

"காது அவனோடதுதான்," என்றாள்.

அந்தக் காது ஒன்றுதான் உருகாமல் தப்பியிருந்தது. புருஷன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஜெய்ராமுக்குத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மஹிமா ஸ்மிதா மேடத்துக்குப் போன் செய்தாள். அழுகையில் பாதி வங்காளம், பாதி ஆங்கிலம். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வா. புதுசா ஒண்ணு போட்டு எடுத்துண்டு வா, உன் வேலைதான்னு நான் பின்பக்கம் கையெழுத்துப் போடறேன். பென்சிலா இருந்தாலும் பரவாயில்ல."

"ஒரு மத்தியானத்துலயா மேடம்? பதினொண்ணு கிழிச்சுட்டுத்தானே அவன் வந்தான்."

"அந்தப் பன்னண்டும் போன்ல இருக்கற தம்மாத்தூண்டு படத்தப் பாத்துப் போட்டே. இப்போ யாரையாவது எதிர்ல உக்காத்தி வெச்சுப் போடு. அவன் எலும்பு உங்க வீட்டுலயேதான் எங்கயாவது இருக்கும்."

போனை வைத்துவிட்டு மஹிமா நிமிர்ந்து பார்த்தாள். ஜெய்ராம் கதவோரம் நின்றிருந்தார். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்து தாடை தெரிந்தது. அண்ணாவின் தாடை.

"உக்காருப்பா," என்றாள்.

"நானா?"

"நீதான். ஜன்னலப் பாத்துண்டு உக்காரு."

"இன்னிக்குப் பென்சில் தொடக்கூடாதேம்மா. சரஸ்வதி பூஜை. உன் பென்சில், கலர் எல்லாம்கூட அங்கதானே இருக்கு?"

"நம்ம சரஸ்வதி பூஜை அக்டோபர்லயே முடிஞ்சாச்சு," என்றாள் ஷியாமளா, சமையலறைக்குத் திரும்பிக்கொண்டே. இரண்டு வருஷத்தில் பால், கேஸ் தவிர அவள் அவருக்குச் சொன்ன முதல் பதில் அதுதான்.

வீட்டில் மளிகை லிஸ்ட் எழுதுகிற கட்டைப் பென்சில் ஒன்று கிடைத்தது. போதாதென்று ஜெய்ராம் தன் ஆபீஸ் பையைத் துழாவி, ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலமாக இருக்கிற பென்சிலை எடுத்துக் கொடுத்தார். ஒரு காலத்தில் வண்டிகளின் ஓட்டத்தை வரைபடத்தில் கோடாக இழுத்த பென்சில். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். ஆனாலும் பையில் ஒன்று இருக்கும்.

மஹிமா பலகையில் தாளைக் குத்தினாள்.

"பல்லக் கடிக்காத. தோளை விடு. வாயத் தளர்த்து."

பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் அளந்தாள். நெற்றியிலிருந்து புருவம். புருவத்திலிருந்து மூக்கு நுனி. தாடைக்கு அடியில் இருக்கிற நிழலிலிருந்து ஆரம்பித்தாள். தாடை எலும்பு அப்பாவுடையது. காது அப்பாவுடையது. மூக்குக்கு மட்டும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே தொங்குகிற பையை எடுக்கவேண்டும், கன்னத்துச் சதையை எடுக்கவேண்டும், முப்பது வருஷத்தைக் கழிக்கவேண்டும். நிழலுக்கு நீலம், வெளிச்சம் படுகிற இடத்துக்கு சிவப்பை லேசாகத் தேய்த்தாள். இந்த வர்ணத்தில் ஒரு முகம் வரும் என்று அவளே நம்பவில்லை. வந்துகொண்டிருந்தது.

முதல் அரை மணி ஜெய்ராம் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு தானாக வாய் திறந்தார்.

"உச்சில ஒரு சுழி உண்டு. சீப்பு நிக்காது அங்க."

மஹிமா போட்டாள்.

"இப்போ நீ போட்டிருக்கியே, அது என் புருவம். ரஞ்சனுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வரும்."

அந்தப் பெயர்! மஹிமாவின் பென்சில் நின்றது. சமையலறையில் குழாய்ச் சத்தமும் நின்றது. ஜெய்ராம் கவனிக்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனார். ரஞ்சன் சிரித்தால் இடது பக்கம்தான் முதலில் ஏறும் என்றார். ரஞ்சனுக்கு மேலுதடு மெல்லிசு, ஷேவிங் ஆரம்பித்த புதிதில் தினமும் வெட்டிக்கொள்வான் என்றார். பிடித்து வைத்ததெல்லாம் வருகிறது என்று மஹிமாவுக்குத் தெரிந்தது. குறுக்கே பேசாமல் கேட்டதையெல்லாம் தாளில் இறக்கினாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆடக்கூடாது என்று அவள் சொல்லியிருந்ததால் அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

மணி நாலரை ஆயிற்று. முகம் வந்துவிட்டது. பன்னிரண்டாவது தாளில் வந்தவனைவிட இவன் கொஞ்சம் பெரியவனாக இருந்தான். இருந்திருந்தால் இப்போது இப்படித்தான் இருப்பான்.

மஹிமா செல்போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மச்சம் பாக்கி. இடது கன்னம்தானேப்பா?"

"வலது."

"போட்டோல இடதுதான் இருக்கு."

"அது அவனே எடுத்துண்டது. கண்ணாடி மாதிரி பக்கத்தத் திருப்பிக் காட்டும். வலது கன்னம். காது மடலுக்கு நேர் கீழ, தாடை எலும்பு திரும்பறதே, அங்க."

"அவ்ளோ கரெக்டா எப்படிச் சொல்ற?"

மூன்று மணி நேரமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மனுஷர். எதைச் சொல்கிறோம் என்ற காவல் எப்போதோ போயிருந்தது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில கேட்டா, ஏதாவது அடையாளம் உண்டான்னு. மச்சத்தச் சொன்னேன். துணிய அந்தப் பக்கம் மட்டும் விலக்கிக் காட்டினா. இருந்தது. மத்தபடி முகம்னு பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. திரும்பினார்.

மச்சம் வலது பக்கம்தான் என்று சொல்ல ஷியாமளா வந்திருந்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தூங்கற மாதிரி இருக்கான்னு சொன்னேளே," என்றாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணி என்கிட்ட சொன்னேள். அமைதியா இருக்கான், தூங்கற மாதிரி இருக்கான்னு. வீட்டுக்குக் கொண்டு வரவேண்டாம், நேரா சுடுகாட்டுக்கே போயிடலாம்னேள். ஒரே ஒரு தரம் என் குழந்தைய நான் பாக்கணும்னு கெஞ்சினேன்."

"நீ தாங்கியிருக்கமாட்டே ஷியாமளா. அதனாலதான் சொல்லல்ல."

அவள் உள்ளே வந்தாள். அழுவாள், கத்துவாள் என்று மஹிமா எழுந்து நின்றாள். ஷியாமளா அழவில்லை. படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இரண்டு வருஷத்தில் மஹிமா பார்க்காத வெளிச்சம். அதுதான் அந்தப் பெண்ணைப் பயமுறுத்தியது.

"அப்போ, மச்சம் ஒண்ணுதானா?" என்றாள் ஷியாமளா.

"என்ன சொல்ற?"

"முகத்தப் பாக்கல. மச்சத்த மட்டும் பாத்தேள். அவன்தான்னு கையெழுத்துப் போட்டேள். அந்த பஸ்ல அவன் வயசுல எத்தன பசங்க இருந்தா? அதுல இன்னொருத்தன் கன்னத்துல ஒரு மச்சம் இருக்கக்கூடாதா?"

"அம்மா, வேண்டாம்மா," என்று மஹிமா அவள் தோளைப் பிடித்தாள். அண்ணா இருந்தால் இரண்டு வருஷமாக ஒரு போன் பண்ணாமல் இருப்பானா என்று கேட்க நினைத்தாள். கேட்க முடியவில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவளுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது.

ஜெய்ராம் நாற்காலியை விட்டு எழுந்தார். அவன்தான், நிச்சயமாக அவன்தான், அப்பாவுக்குத் தெரியாதா என்று சொல்ல வாயைத் திறந்தார். அன்றைக்குத் துணியை விலக்கினார்கள். ஒரு பார்வை பார்த்தார். உடனே மூடுங்கள் என்று சொன்னதும் அவர்தான். கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை, ஷியாமளா கட்டி அனுப்பிய காசிக் கயிறு மணிக்கட்டில் இருந்ததா என்றும் பார்க்கவில்லை.

"சொல்லுங்கோ," என்றாள் ஷியாமளா. புருஷனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "ரெண்டாம் தரம் பாத்தேளா, இல்லையா?"

ஜெய்ராம் இரண்டாம் தரம் பார்க்கவில்லை.